பிரேக்கில் காற்று

தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், மருதமலை முருகன் மேல் ஆணை, என் பல்செட்டு மேல் ஆணை, இனி நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. செவிடனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்கிறேன், ஆனால் வாயைத் திறக்காமல் சொல்கிறேன். வாயைத் திறந்தால் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கிற மெக்கானிக் ஜெயசீலன் "என்னுங்கய்யா?" என்று தலையை நீட்டுவான், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரி சுலோச்சனா "தனியாப் பேச ஆரம்பிச்சாச்சா?" என்பாள். யாரிடம் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். வாய் சும்மா இருக்கும்போது மனசு யாரையாவது பிடித்து எதிரில் உட்காரவைத்துக்கொள்ளும், இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள். இதற்கு முன்னால் நான் சொன்ன கதைகளில் முன்னே பின்னே இருந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன், கோத்தகிரி இறக்கத்தில் யானை நின்றது நிஜம், அது தும்பிக்கையால் என் வண்டியின் பின் பம்பரைப் பிடித்து இழுத்து நிறுத்தியது என்பதுதான் கொஞ்சம், சரி, அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூங்கிலைத் தின்றுகொண்டிருந்தது, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்க்காத யானையை வைத்து என்ன கதை சொல்ல முடியும், "மிதிங்கய்யா" என்கிறான் ஜெயசீலன். மிதிக்கிறேன். "பிடிங்க." பிடிக்கிறேன். எங்கோ கீழே ஸ்பானர் ஒரு முனகல் முனகுகிறது. "விடுங்க." விடுகிறேன். மறுபடி "மிதிங்கய்யா." மத்தியானத்திலிருந்து இதுதான். தகரக் கூரை வெயிலைக் குடித்துக் குடித்து எங்கள் தலையில் துப்புகிறது, பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடுகிற சத்தம் பல்லுக்குள் ஓடுகிறது, பிரேக் ஆயில் வாடை, கெட்டுப்போன மீன் எண்ணெயில் யாரோ நெய்யை ஊற்றிய மாதிரி ஒரு வாடை, தொண்டையில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அசதி. முட்டிக்கு மேலே அசதி தெரிகிறது. முட்டிக்குக் கீழே, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்குப் பேர் ஏர் எடுக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவன் அங்கே சக்கரத்துப் பக்கம் சுண்டுவிரல் அளவு ஒரு நிப்பிளைத் திறப்பான், குழாயில் மாட்டிக்கொண்ட காற்று ஆயிலோடு சேர்ந்து குமிழி குமிழியாக ட்யூப் வழியே பாட்டிலுக்குள் வரும், அவன் நிப்பிளை மூடுவான், மூடின பிறகுதான் நான் காலை எடுக்கலாம். அவன் மூடுவதற்குள் என் கால் நழுவினால் வெளிக்காற்றையெல்லாம் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும், செய்த வேலை அத்தனையும் பாழ். ஆக மொத்தம் பிடிக்கிறதுதான் வேலை. ஆயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம், அதனால் குழாயில் கடுகளவு காற்று இருந்தால்கூட மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றுக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிடும். என்ன வேடிக்கை பாருங்கள், இந்த வண்டி பிறந்ததிலிருந்து காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிற வண்டி. பச்சை ஆமைக்கார், ஜெர்மன்காரன் செய்தது. முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்காது, ஸ்டெப்னி இருக்கும், எஞ்சின் பின்னால். அதற்கு ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், ஓடும்போது தன்னைத்தானே விசிறிக்கொள்ளும். வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருத்தரிடம் வாங்கினேன். தண்ணீர்ப் பஞ்ச வருஷத்தில் ஊரே குடத்தோடு தெருவில் நிற்க, கலெக்டர் ஜீப்பை நிறுத்தி இறங்கிவந்து என் வண்டிக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார் என்று இந்தக் கோயமுத்தூர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், கைகொடுக்க வண்டிக்குக் கை ஏது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட காற்றுக்குப் பிறந்த வண்டிக்கு பிரேக்கில் மட்டும் ஒரு குமிழி காற்று ஆகாதாம். "பெடல் எப்படி இருக்குதுங்கய்யா?" என்கிறான் கீழேயிருந்து. "அமுங்குது தம்பி." "இன்னும் ஏர் இருக்குதாட்ட இருக்குதுங்க. இன்னொருக்கா மிதிங்க." அமுங்குது என்று சொல்லிவிட்டேன். அமுங்குகிறது பெடலா. இங்கேதான் நான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், ஒவ்வொரு மிதிக்கும் இதே இடத்துக்கு வந்து வந்து நிற்கிறேன். அமுங்குகிறது பெடலா, என் காலா?

சர்க்கரை. நாக்குக்கு இனிப்பாக இருந்தது காலுக்குப் போய் என்னமோ ஆகிவிட்டது. வலியா என்றால் வலி இல்லை, அதுதான் விஷயம், வலி இருந்தால் கால் இருக்கிறது என்று தெரியும். பாதத்துக்கு யாரோ பஞ்சில் காலுறை தைத்துப் போட்டுவிட்டு ஓடிப்போன மாதிரி. போன மாசம் வாசலில் இறங்கி கேட் வரைக்கும் போய்விட்டேன், பின்னாலிருந்து சுலோச்சனா, "ஏனுங்க, உங்க செருப்பு படியிலயே நிக்குது, நீங்க மட்டும் எங்க போறீங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. "பழக்கின செருப்பு அம்மணி, கூப்பிட்டா பின்னாலயே வரும்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. டாக்டரம்மா, சின்னப் பெண், நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள், பாதத்தில் தொடுவேன், தெரிகிறபோது தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றாள். நான் யார், எத்தனை பேருக்கு எத்தனை கதை விட்டவன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் விட்டு "தெரியுது" என்றேன், இன்னும் கொஞ்சம் விட்டு "தெரியுது, தெரியுது" என்றேன். "சார், நான் இன்னும் தொடவே இல்லையே" என்றாள். இதை சுலோச்சனாவிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தாள், அதை வைட்டமின் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பிடிங்கய்யா." பிடித்திருக்கிறேன். பிடித்திருக்கிறேனா? தொடை இறுகுகிறது, முட்டி நீள்கிறது, அப்படியானால் பாதம் பெடல் மேல்தான் இருக்கவேண்டும், கணக்குப்படி இருக்கவேண்டும், வீட்டில் விளக்கு எரிகிறது என்பதால் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிற மாதிரி. "பிடிச்சிருக்கீங்களாய்யா?" "உடும்புப் பிடி தம்பி." ஸ்பானர் முனகுகிறது. பாட்டிலில் குமிழிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். லேத்துதான் கேட்கிறது.

இளநி வண்டிக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், இந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்டாயிற்று. சிங்காநல்லூர் குளத்துமேட்டிலிருந்து இறங்குகிற வளைவு. ஓரத்தில் இளநி வண்டி நிற்கும். மிதித்தேன், நிற்கவில்லை. எவ்வளவு மிதித்தும் பஞ்சுமூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போனதே தவிர வண்டி நிற்கவில்லை. மெதுவாகத்தான் போனது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், மெதுவாகப் போய் இளநி வண்டியை ஒரு இடி, செல்லமாக முட்டின மாதிரி, அவ்வளவுதான், குலை சரிந்து காயெல்லாம் ரோட்டில். நான் சொன்ன கதையில் அந்தக் காய்கள் உருண்டு உருண்டு பாலக்காட்டு எல்லைவரைக்கும் போய்விட்டன, அங்கே செக்போஸ்ட்டில் நிறுத்தி பில் கேட்டார்கள் என்று முடித்தேன், கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரி பேசினதையும் அப்படியே சொல்லுவேன், "ஏனய்யா, கண்ணு பொடனீலயா இருக்குது? எம்பட பொழப்பு மேல வந்து ஏறறயே!" என்று அவள் குரலிலேயே சொல்லுவேன், கையை ஆட்டி, அரிவாளை ஆட்டி. எல்லாம் சொல்லுவேன். நான் கதையில் எப்போதும் சேர்த்துத்தான் பழக்கம், யானையைச் சேர்ப்பேன், கலெக்டரைச் சேர்ப்பேன். ஒரு கதையிலிருந்து நான் ஒன்றை எடுத்தது இதுதான் முதல் தடவை. அவள் குனிந்திருந்தாள். தன் வண்டிக்கு முன்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், கீழே வைத்திருந்த ஸ்ட்ரா பாக்கெட்டை எடுக்கக் குனிந்திருந்தாள், நான் அவளுடைய முதுகைப் பார்த்தேன், ஊதா ரவிக்கையும் வியர்வை ஊறின இடமும், நான் மிதிக்கிறேன் மிதிக்கிறேன், முதுகு பெரிதாகிக்கொண்டே வருகிறது, அவள் ஸ்ட்ராவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து அந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்தாள், நான் இடித்தேன். அவள் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. பாக்கெட் கையில் அகப்பட்டுவிட்டது, அதனால் நிமிர்ந்தாள். அகப்படாமல் இன்னொரு தரம் துழாவியிருந்தால். இந்த "இருந்தால்" இருக்கிறதே, இது ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது, சுலோச்சனாவுக்கும் எனக்கும் நடுவில்.

"பிரேக் போயிருச்சு" என்று இறங்கினதும் சொன்னேன். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கே ஜெயசீலன் வந்து பார்த்தான், பழைய ட்ரம் பிரேக், உள்ளே பிடிக்கிற ஷூக்கட்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ட்ரம் சூடேறினால் சில சமயம் பிடிக்காமல் விட்டுவிடும், சொல்ல முடியாதுங்கய்யா என்றான். சொல்ல முடியாதுங்கய்யா! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மாசம் தொங்கினேன். பெங்களூரிலிருந்து மகன் போனில், "அப்பா, அதை வித்துடுங்க, மியூசியத்துல வைக்கிற வண்டி அது" என்றான். "என்னையும் சேர்த்து வைப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றேன். சுலோச்சனா கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது, "பிரேக்கை மாத்துற வரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள், அன்றிலிருந்து கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் அவளுடைய வெள்ளைச் சின்னக் காரில்தான் போகிறாள், என்னையும் அதிலேயே பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அவள் நன்றாக ஓட்டுவாள். ஆனால் இந்தப் பச்சை வண்டியின் சாவியை மட்டும் நான் அவளிடம் கொடுத்ததே கிடையாது, இதற்கு ஒரு தனிக் கை வேண்டும், தனிக் கால் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்புறம் பழைய கார் வைத்திருக்கிற கூட்டாளி ஒருத்தன் சொன்னான், முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுவிடு, புதுக் கார்களில் இருக்கிற மாதிரி, தட்டும் அதைப் பிடிக்கிற கவ்வியும் இந்த வண்டிக்கென்றே வெளிநாட்டில் செய்கிறார்கள், மிதித்தால் நின்ற இடத்தில் நிற்கும் என்றான். வரவழைத்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ட்ரம்மைக் கழற்றுகிற வரைக்கும். இந்த ட்ரம் இருக்கிற வரைக்கும் பழியைப் போட ஓர் இடம் இருந்தது. டிஸ்க் போட்ட பிறகும் வண்டி நிற்கவில்லை என்றால் பழி எங்கே போய் உட்காரும்? அது வீடு தேடி என்னிடம்தானே வரும்.

"இன்னொரு பாட்டில் ஆயில் உடைக்கணுமாட்ட இருக்குது" என்று ஜெயசீலன் எழுந்து வருகிறான். முகமெல்லாம் கறுப்பு, கண் மட்டும் வெள்ளை. ஜன்னல் வழியாகக் குனிந்து என்னைப் பார்க்கிறான். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நிப்பிளை மூடறதுக்குள்ள கால் லூசாகுதுங்களா?" வந்துவிட்டது. "கால் லூசாகறதா? தம்பி, இந்தக் காலு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் ஒரே க்ளட்ச்சுல..." "அது தெரியுமுங்க, நூறு தடவை சொல்லியிருக்கீங்க. இப்பக் கேக்கறேன்." அந்தப் பக்கம் பேப்பர் விசிறுவது நின்றுவிட்டது. சுலோச்சனா கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லத் தோன்றுகிறது, ஆமாம்ப்பா, லூசாகுதோ என்னமோ, எனக்கே தெரியலை, நீயே பார்த்துச் சொல்லு. அது நாக்கு நுனிவரைக்கும் வருகிறது, பல்செட்டில் இடித்துக்கொண்டு திரும்பிப் போகிறது. "மாஸ்டர் சிலிண்டர்ல கோளாறு இருக்கும், பாரு" என்கிறேன். அவன் பெருமூச்சு விடுகிறான். சுலோச்சனா நாற்காலியிலிருந்து எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறாள். "நீங்க எறங்குங்க. பாவம், எவ்வளவு நேரமா மிதிக்கிறீங்க. நான் கொஞ்ச நேரம் மிதிக்கிறேன்." "உனக்கெதுக்கு அம்மணி, அழுக்கு." "அழுக்கைத் துவைச்சா போயிரும். எறங்குங்க." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இறங்குகிறேன். இறங்குகிறபோது எந்தக் கால் முதலில் தரையைத் தொட்டது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்னுடைய இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், முதுகு சீட்டைத் தொடாமல், பரீட்சை எழுத வந்தவள் மாதிரி. "மிதிங்கம்மா." மிதிக்கிறாள். "பிடிங்க." பிடிக்கிறாள். என் பிழைப்பே இப்போது அவளுடைய பாதத்துக்கு அடியில் இருக்கிறது. அவள் மிதித்துப் பெடல் கல் மாதிரி நின்றால் தீர்ந்தது, இத்தனை நேரம் அமுங்கினது நான்தான், குளத்துமேட்டில் அமுங்கினதும் நான்தான். வேண்டிக்கொள்கிறேன். எதற்கு வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்துப் பாருங்கள், புது பிரேக் கெட்டுப்போயிருக்க வேண்டும் முருகா என்று ஒருத்தன் வேண்டிக்கொள்கிறான், கட்டினவள் அதே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறபோது. "எப்படி இருக்குதுங்கம்மா?" அவள் முகத்தைச் சுளிக்கிறாள். "மெத்தை மேல நிக்கிற மாதிரி இருக்குதுங்க. உள்ள போயிட்டே இருக்குது." ஐயோ, என் தங்கமே! எனக்குத் தூணோடு சேர்ந்து ஒரு ஆட்டம் போடவேண்டும் போல் இருக்கிறது. "நான் சொன்னேனா இல்லையா!" என்று என் குரல் தகரத்தில் மோதித் திரும்புகிறது. "கால்ல ஒண்ணும் இல்லை, பிரேக்குலதான் கோளாறு, நான் சொன்னேனா இல்லையா!" ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். காலைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்கிற மாதிரிப் பார்க்கிறார்கள்.

கோளாறு என்ன என்று பிறகுதான் தெரிந்தது, அதையும் சொல்கிறேன், இது போல ஒரு கூத்து நம் ஆட்களைத் தவிர யாருக்கும் நடக்காது. சாமான்கள் வந்த அன்றைக்கு சுலோச்சனா குளித்துவிட்டு வந்து வண்டிக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தை வைத்து, சாமிக்கு எதிரே நிற்கிற மாதிரி வண்டிக்கு எதிரே நின்று, கவ்வி ரெண்டையும் தட்டு ரெண்டையும் பரப்பி, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். இடது கவ்வியைத் தன் இடது பக்கம் வைத்தாள், வலதைத் தன் வலது பக்கம் வைத்தாள். எதிரே நிற்கிறவளுக்கு இடது என்பது வண்டிக்கு வலது. கவ்வி மேல் எது எந்தப் பக்கம் என்று ஓர் எழுத்து அச்சடித்திருக்கிறது, சரியாக அந்த எழுத்து மேல்தான் குங்குமம் வைத்தாள், அங்கேதான் வழவழவென்று இடம் இருந்ததாம். ஜெயசீலன் பூஜை போட்ட சாமானை இடம் மாற்றக் கூடாது, குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்று அந்தந்தப் பக்கத்தில் இருந்ததை அந்தந்தப் பக்கமே மாட்டிவிட்டான். இப்போது ஒழுகின ஆயிலில் குங்குமம் கரைந்து ரத்தமாக வடிய, கீழே அந்த எழுத்து பளிச்சென்று தெரிகிறது. "அட! இது லெஃப்ட்டுதுங்க!" என்று கத்துகிறான். "ரெண்டும் மாறிப்போச்சு! நிப்பிள் மேல இருக்கோணும், இது கீழ பாத்துட்டு இருக்குது. காத்து மேலதானுங்க போவும். சாயங்காலம் வரைக்கும் மிதிச்சாலும் மேல இருக்கற காத்து கீழ எப்படிங்க வரும்?" சுலோச்சனா ரெண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வெச்சனுங்க தம்பி அந்தக் குங்குமத்தை." "பரவால்லீங்கம்மா. அடுத்த தடவை ஓரமா வையுங்க, சாமிக்குத் தெரியும்." மூன்று பேரும் சிரிக்கிறோம். டீ வருகிறது. ஒரு மாசமாக நான் இப்படி டீ குடித்தது இல்லை, இனிப்பில்லாத டீ, தேவாமிர்தம். கால் இல்லை, கவ்வி. கவ்விதான். அப்படியானால் குளத்துமேட்டிலும், ஆனால் அன்றைக்கு இந்தக் கவ்வி இல்லையே, சீ, டீயைக் குடி.

கழற்றி மாற்றி மாட்டுகிறான். மறுபடி நான் என் இடத்தில். மிதிங்க, பிடிங்க, விடுங்க. இந்தத் தடவை குமிழிச் சத்தம் எனக்கே கேட்கிறது, கொழுக் கொழுக்கென்று, இத்தனை நேரம் ஒளிந்திருந்த காற்று பாட்டிலுக்குள் புறப்பட்டுப் போகிறது. அப்புறம் குமிழி நின்றுவிட்டது. சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கினான், வண்டி தரையில் உட்கார்ந்தது. எனக்குமுன் அவன் குனிந்து கையால் பெடலை அழுத்திப் பார்க்கிறான். "கல்லுங்கய்யா! கல்லு! மிதிச்சுப் பாருங்க." மிதிக்கிறேன். உங்களிடம் என்ன ஒளிக்க. மெத்தை. அதே மெத்தை. மத்தியானத்திலிருந்து மிதித்தேனே, காற்று இருந்தபோது இருந்த அதே பஞ்சு, காற்றுப் போனபிறகும் இருக்கிற அதே பஞ்சு, ஒரு இழை கூடக் குறையவில்லை. முட்டி மட்டும் பாதியில் நின்றுகொண்டது, இதற்கு மேல் போக முடியாது என்று, அதனால் பெடல் நின்றிருக்கிறது என்று தெரிகிறது. பாதம் ஒன்றும் சொல்லவில்லை. "எப்படிங்கய்யா?" "கல்லு" என்றேன். வாய்க்கு என்ன, அது பழக்கப்பட்டது. "பின்ன என்னுங்க, அம்மாவைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க." அவன் சொல்லி முடிப்பதற்குள் இடதுபக்கக் கதவு திறக்கிறது. ஏறமாட்டேன் என்றவள் ஏறுகிறாள். கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "போலாமுங்க." இத்தனை நாளுக்குப் பிறகு. சாவியைத் திருப்புகிறேன், முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி எழுந்துகொள்கிறது. கேட்டுக்கு வெளியே தெரு. தெருவில் மனுஷர்கள் போகிறார்கள், குனிகிறார்கள், நிமிர்கிறார்கள். கியர் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் பிரேக்கை மிதித்துக்கொள்ளலாம் என்று மிதிக்கிறேன், நன்றாக, அழுத்தி.

வண்டி அலறுகிறது. கொட்டகை முழுக்க அலறல், தகரம் அதிர்கிறது, காகம் பறக்கிறது. நான் இன்னும் அழுத்துகிறேன், நிற்கட்டும் என்று அழுத்துகிறேன், இன்னும் அலறுகிறது. "ஐயா, எதுக்குங்க ரேஸ் பண்றீங்க?" குனிந்து பார்க்கிறேன். என் கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருக்கிறது. அது அங்கே போனது எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பிரேக்கை மிதிக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டு. கையால் தொடையைத் தூக்கித்தான் அதை எடுத்தேன். சத்தம் அடங்கியது. லேத்துக்காரன்கூட நிறுத்திவிட்டுப் பார்க்கிறான். ஊதா ரவிக்கை. அன்றைக்கும் இதுதானா. மிதிக்கிறேன் மிதிக்கிறேன் என்று நான் மிதித்தது. முருகா, அன்றைக்கும் இதுதானா. சுலோச்சனா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் இறங்கவில்லை. அவள் இறங்கவில்லை பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கியரைப் போட்டால் என்னோடு வருவாள். என்ன சொல்வது. நிஜத்தைச் சொல்லலாம், அதற்கு எனக்கு வார்த்தை பழக்கம் இல்லை. "அம்மணி" என்றேன், "ஒண்ணு மறந்தே போச்சு. இந்த டிஸ்க் இருக்குதே, இதை ட்ரம்முக்குப் பழகின கால் மிதிக்கக் கூடாதாம். பெட்டிக்குள்ளயே சீட்டு இருந்துச்சு, ஜெர்மன் பாஷையில. பழைய கால் மிதிச்சாத் தட்டு கோணிக்கிடுமாம். புதுக் காலுதான் மிதிக்கணுமாம், அதுவும் பொம்பளைக் காலுன்னா ரொம்ப விசேஷமாம்." என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மட்டமான கதையை நான் விட்டதில்லை. ஜெயசீலன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான், கையில் கந்தைத் துணி. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே என் காலைப் பார்க்கிறான், வெகுநேரம் பார்க்கிறான். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்கம்மா" என்கிறான். "ஐயா சொல்றது சரிதானுங்க. டிஸ்க்குக்கு அப்படித்தானுங்க."

சுலோச்சனா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள். "எத்தனை நாளைக்கு?" "கொஞ்ச நாளைக்குன்னு போட்டிருக்குது." "எத்தனை நாளைக்குங்க?" "வண்டி இருக்கற வரைக்கும்." அவள் தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடுகிறாள். "உங்க பொய்யிக்கும் வயசாயிருச்சு" என்கிறாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எறங்குங்க." இறங்குகிறேன். அவளும் இறங்குகிறாள். வண்டிக்கு முன்னால் எதிரும் புதிருமாக வருகிறோம், என்னைக் கடக்கிறபோது என் முழங்கையைப் பிடித்து, அந்தப் பக்கம் ஏற்றி உட்காரவைத்து, கால் ரெண்டும் உள்ளே வந்தாயிற்றா என்று பார்த்துக் கதவைச் சாத்துகிறாள். அப்புறம் சுற்றிப் போய் என் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொள்கிறாள். அந்தக் கண்ணாடியை நான் யாரையும் தொடவிட்டது இல்லை. திருப்பிக்கொள்ளட்டும். அப்பாடா என்று இருக்கிறது, சொன்னால் நம்பமாட்டீர்கள், பல வருஷத்து மூட்டையை யாரோ ஒரு பக்கம் தாங்கின மாதிரி அப்படி ஓர் அசதி, கண்ணெல்லாம் சொருகுகிறது. முதல் கியரில் வண்டியை ஒரு குதி குதிக்கவைத்தாள், "தனிக் கை வேணும்னு சொன்னனே" என்றேன், "சும்மா வாங்க" என்றாள். தெரு முனையில் ஒரு சுமை ஆட்டோ, மேலே வாழைத்தார், இருந்தாற்போல் குறுக்கே வந்துவிட்டது. என் கால் மிதித்தது. என்னைக் கேட்காமல், பலமாக, வெறுந்தரையை மிதித்தது. வண்டி நின்றது.

இவ்வளவுதான் நடந்தது. இதில் சுருக்கினது ஒன்றும் இல்லை, நீட்டினது ஒன்றும் இல்லை. ஊருக்குள் கேட்டால் டிஸ்க் போட்ட வண்டிக்குப் பொம்பளைக் கால்தான் ராசி என்று தாராளமாகச் சொல்லுங்கள், ஜெர்மன்காரனே சீட்டு எழுதி வைத்திருக்கிறான் என்றும் சொல்லுங்கள். அந்தக் காலைப் பற்றின விஷயம் மட்டும் எப்படித் தெரியும் என்று யாராவது துருவினால், பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான், முகம் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.